தட்டா, ஏரியலா? ஷா ஆலம் வீடுகளின் தமிழ்க் கணக்கு

1999 வரை மலேசியாவில் தொலைக்காட்சி எந்த வீட்டுக்கும் இலவசமாக வந்ததில்லை. பெட்டி வைத்திருந்தால் ஆண்டுக்கு 24 ரிங்கிட் லைசென்ஸ் கட்ட வேண்டும். மாதத்துக்கு இரண்டு வெள்ளி. தோட்டத்து லயத்தில் இருந்தவரும் கட்டினார், பங்சார் பங்களாவில் இருந்தவரும் கட்டினார். அந்த லைசென்ஸை அரசாங்கம் எடுத்தபோது நம் வீடுகள் பலவற்றில் வேறொரு பில் வரத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று அந்தப் பில் மாதத்துக்குச் சராசரியாக 100 ரிங்கிட் பக்கம் நிற்கிறது. இது அக்கம்பக்கத்துப் பேச்சில் கேட்ட தொகை இல்லை. சந்தாத் தொலைக்காட்சி நிறுவனமான ஆஸ்ட்ரோவின் ஆண்டறிக்கைகளே ஒரு சந்தாதாரர் வீட்டுக்குக் காட்டும் சராசரி அதை ஒட்டித்தான் வருகிறது.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் பதினேழில் ஒரு பங்கைத் தொலைக்காட்சிக்குக் கொடுக்கிறோம் என்றால், எதற்குக் கொடுக்கிறோம் என்று கேட்டே ஆகவேண்டும். ஷா ஆலத்தில் நான் குடியிருக்கும் செக்‌ஷன் 25இல், அதாவது தாமான் ஸ்ரீ மூடாவில், இந்தக் கேள்விக்கு வீட்டுக்கு வீடு ஒரே பதில்தான்: "தமிழுக்குத்தான்." மலாய்க்கார அண்டை வீட்டாருக்கு இலவச அலைவரிசைகளிலேயே நாள் முழுக்கத் தங்கள் மொழி கிடைக்கிறது. அவர்கள் சந்தா கட்டினால் அது பந்துக்காகவோ பிள்ளைகளின் கார்ட்டூனுக்காகவோ இருக்கும். தமிழ் வீட்டுக்கோ சந்தாவே தமிழுக்கான நுழைவுச்சீட்டாகிவிட்டது. ஆகவே சந்தாவையும் இலவசத்தையும் சேனல் எண்ணிக்கையால் எடை போட்டால் நம் விஷயத்தில் விடை தவறாகத்தான் வரும். எது நமக்கு எத்தனை மணி நேரத் தமிழைத் தருகிறது, அந்தத் தமிழில் நம் வாழ்க்கை எவ்வளவு இருக்கிறது என்பதையே நான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

இலவசப் பக்கத்துக்குத்தான் வயது அதிகம். 1963 டிசம்பர் 28இல் கோலாலம்பூரில் ஒளிபரப்பு தொடங்கியது. 1969இல் அரசு ஒளிபரப்பின் தலைமையகமான அங்காசபுரி வந்தது, அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது அலைவரிசையும் வந்தது. இன்று டிவி2 என்று அழைக்கப்படும் அந்த அலைவரிசைதான் நம்முடைய செய்திக்கும் படத்துக்கும் நாடகத்துக்கும் இடம் கொடுத்தது. வண்ணம் வந்தது 1978 டிசம்பரில். ஒரு தலைமுறைக்குத் தொலைக்காட்சியில் தமிழ் என்றால் வாரத்தில் ஒரு படம், நாளில் ஒரு செய்தி, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு சிறப்பு நிகழ்ச்சி. படம் போடும் நேரத்தில் பெட்டி உள்ள வீட்டில் பெட்டி இல்லாத வீடுகளும் கூடிவிடும். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பற்றாத மிச்சத்தைக் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் இருந்த வீடியோ கடைகள் நிரப்பின. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேசட் எடுத்து வந்து திங்கட்கிழமை திருப்பிக் கொடுப்பது ஒரு குடும்பப் பழக்கமாகவே இருந்தது. தனியார் வீட்டுக் கூரையில் செயற்கைக்கோள் தட்டு வைக்க அப்போது சட்டம் இடம் தரவில்லை.

1996 ஜனவரியில் மீசாட்-1 செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதே ஆண்டு புக்கிட் ஜாலிலிலிருந்து ஆஸ்ட்ரோ ஒளிபரப்பத் தொடங்கியது. அதைத் தொடங்கிய டி. ஆனந்த கிருஷ்ணன் 1938இல் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தவர், அங்கேயே விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்தவர். 2024 நவம்பரில் காலமானார். தமிழ்ப்பள்ளியில் படித்த ஒருவர் நிறுவிய நிறுவனத்தில் தொடக்கத்திலிருந்தே வானவில் என்றொரு தமிழ் அலைவரிசை இருந்தது என்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. நாளுக்கு அரை மணி நேரம் கிடைத்த மொழி திடீரென்று காலை முதல் இரவு வரை கிடைத்தது. சன் டிவி வந்தது, பின்னால் விஜய், ஜீ தமிழ் வந்தன, படத்துக்கென்றே தங்கத்திரை வந்தது. கூரையில் தட்டு ஏறிய அன்று வீட்டுப் பெரியவர்கள் அடைந்த மகிழ்ச்சியைப் பார்த்தவர்கள், அந்தப் பணத்தை வீண் செலவு என்று சொல்ல மாட்டார்கள். நேரடிச் செயற்கைக்கோள் ஒளிபரப்பில் 2017 வரை ஆஸ்ட்ரோவுக்குப் போட்டியே இருக்கவில்லை. தனி உரிமை அதனிடம்தான் இருந்தது. தமிழ் வேண்டும் என்றால் அதுதான் வழி என்ற எண்ணம் நம் வீடுகளில் அந்த ஆண்டுகளில்தான் வேரூன்றியது.

அந்தக் காலைமுதல்-இரவுவரைத் தமிழில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம். இங்கேதான் என் கருத்து பல நண்பர்களுடைய கருத்திலிருந்து விலகுகிறது.

பெரும்பகுதி சென்னையில் தயாரான தொடர்கள். அவற்றில் வரும் தெரு நம் தெரு இல்லை. அங்கே கல்லூரிக்குப் போகும் பெண் எஸ்.பி.எம். எழுதவில்லை, வேலை இழக்கும் ஆணுக்கு சொக்சோ தெரியாது, சொத்துக்குச் சண்டை போடும் அண்ணன் தம்பிகள் இ.பி.எஃப். பணத்தை எடுக்க முடியுமா என்று கேட்பதில்லை. கதை கதைதான், அதை ரசிப்பதில் தவறேதும் இல்லை. என் வீட்டிலும் ரசித்தோம். ஆனால் பத்து ஆண்டுகளில் 12,000 ரிங்கிட் கட்டிய ஒரு குடும்பம், அந்தப் பணத்தின் பெரும்பங்கை இன்னொரு ஊரின் வீட்டுக்கதையைப் பார்க்கக் கொடுத்திருக்கிறது. அதே கதைகளில் பல இப்போது கைப்பேசியிலும் கிடைக்கின்றன. சந்தாவின் எடை இந்த இடத்தில் குறைகிறது.

எடை கூடும் இடமும் உண்டு. வானவிலின் 'விழுதுகள்' போன்ற காலை நிகழ்ச்சியில் நம் ஊர் மருத்துவர் வந்து சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினார், நம் ஊர் வழக்கறிஞர் வந்து உயில் எழுதுவதைப் பற்றிச் சொன்னார். பாட்டுப் போட்டி, ஆட்டப் போட்டி மேடைகளில் ஈப்போவிலிருந்தும் சுங்கை சிப்புட்டிலிருந்தும் பிள்ளைகள் ஏறினார்கள். ஆஸ்ட்ரோவின் விண்மீன் அலைவரிசை வந்த பிறகு உள்ளூர்த் தொடர்களுக்குத் தனி இடம் கிடைத்தது. 2011இல் அஃப்ட்லின் ஷவுக்கி இயக்கிய 'அப்பளம்', 2014இல் சி. குமரேசன் இயக்கிய 'மைந்தன்' ஆகிய படங்களுக்குப் பின்னால் ஆஸ்ட்ரோவின் பணம் இருந்தது. கேமராமேன், ஒலிப்பதிவாளர், ஒப்பனைக் கலைஞர், வசனம் எழுதுபவர் என்று தமிழைத் தொழிலாகக் கொண்டு இந்த நாட்டில் பிழைக்கும் ஒரு வட்டம் உருவானதில் சந்தாப் பணத்துக்குப் பங்கு உண்டு. இதை மறுப்பவர் நியாயமாகப் பேசுபவராக இருக்க மாட்டார். நம் பேச்சு வழக்கில், 'லா'வும் 'பாங்'கும் கலந்து, செக்‌ஷன் 25 மாதிரியான ஒரு தாமானில் நடக்கும் கதையைத் திரையில் பார்த்தபோது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 100 ரிங்கிட்டில் நான் மனமுவந்து கொடுத்த பங்கு அதற்கானதுதான். அது மொத்த ஒளிபரப்பு நேரத்தில் சிறுபகுதி.

இனி மழை. ஷா ஆலத்தில் பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு வானம் இருண்டு இடி இறங்குவது எல்லாருக்கும் தெரியும். மீசாட் நிற்கும் இடம் கிழக்கு 91.5 பாகை. இங்கிருந்து பார்த்தால் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 77 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலே, சற்றே மேற்குப் பக்கமாக. அங்கிருந்து வரும் கே.யூ. அலைக்கற்றை கனமழையில் பலவீனமாகிவிடும். மழைத்துளிகளே அலையை உறிஞ்சிவிடுகின்றன. திரை கருத்து, சேவை தற்போது இல்லை என்ற அறிவிப்பு வரும். கேபிளையும் டிகோடரையும் எத்தனை முறை மாற்றினாலும் இதற்குத் தீர்வு இல்லை, இது இயற்பியல். தரைவழி டிஜிட்டல் அலைவரிசை இந்த மழையை அநேகமாகப் பொருட்படுத்தாது. அது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, கெந்திங் பக்கம் சுமார் 1,770 மீட்டர் உயரத்தில் நிற்கும் உலு காலி மலையிலிருந்து குறைந்த அதிர்வெண்ணில் பக்கவாட்டாக வருகிறது. மழை நாளில் செய்தி அதிகம் தேவைப்படும் ஊரில் இது சின்ன வித்தியாசம் இல்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீ மூடா மூழ்கியபோது மின்சாரமே போய்விட்டதால் தட்டுக்கும் ஏரியலுக்கும் வேறுபாடு இல்லாமல் போனது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அன்று பேட்டரி ரேடியோவும் கைப்பேசியும்தான் துணை நின்றன.

பழைய அனலாக் ஒளிபரப்பு 2019இல் கட்டங்கட்டமாக நிறுத்தப்பட்டு, அக்டோபர் 31உடன் நாடு முழுக்க முடிவுக்கு வந்தது. மைடிவி நிறுவனம் நடத்தும் டிவிபி-டி2 என்ற தரைவழி டிஜிட்டல் முறை அதன் இடத்துக்கு வந்தது. வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரசு டிகோடர் இலவசமாகக் கொடுத்தது. புதிதாக வாங்கிய டிவிகளில் அந்த ட்யூனர் உள்ளேயே இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் இதற்கு ஆகும் செலவெல்லாம் ஒரு யு.எச்.எஃப். ஏரியல் மட்டும். இது பல தமிழ் வீடுகளுக்குத் தெரியவில்லை. அனலாக் போனதும் இலவசத் தொலைக்காட்சியே போய்விட்டது என்று நம்பியவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

பக்கத்து பிளாட்டில் ஓர் அம்மா இருக்கிறார். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் ஜொகூருக்கு மாற்றலாகிப் போன பிறகு சந்தாவைக் கட்ட ஆளில்லாமல் நிறுத்திவிட்டார். டிவி வெறும் பலகையாகக் கிடந்தது. பேரனும் நானும் ஒரு சின்ன ஏரியல் வாங்கி முதலில் அடுக்களைப் பக்கத்துச் சன்னலில் கட்டினோம். ஸ்கேன் செய்தால் ஒன்றும் வரவில்லை. அந்தச் சன்னல் கிள்ளான் பக்கம் பார்க்கிறது. பிறகு முன்பக்கத் தாழ்வாரக் கம்பியில், வடகிழக்கே மலை தெரியும் திசைக்குத் திருப்பிக் கட்டினோம். மறுபடி ஸ்கேன் போட்டதும் திரையின் கீழ்க்கோடு நகர்ந்துகொண்டே போக, டிவி1, டிவி2, டிவி3, பெர்னாமா என்று பெயர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. வானொலிகளும் கூடவே வந்தன. படம் கண்ணாடி மாதிரித் தெளிவு. அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "தமிழ்ச் செய்தி எத்தன மணிக்கு தம்பி?"

முதல் இரண்டு வாரம் அவருக்குச் சீரியல் இல்லாத குறை இருந்தது. மூன்றாவது வாரம் விசாரித்தேன். "செய்தி பாத்துட்டு டிவிய அடைச்சிருவேன் தம்பி. அப்புறம் மின்னல் போட்டுக்குவேன்" என்றார். டிவி2இல் தினமும் வரும் தமிழ்ச் செய்தி, பெர்னாமாவின் தமிழ்ச் செய்தி, இடையிடையே நாடகம், படம், பேச்சுத் துணைக்கு மின்னல் எஃப்.எம். இவ்வளவுதான் இலவசத்தில் அவருக்குக் கிடைக்கும் தமிழ். மணிக்கணக்கில் பார்த்தால் சந்தாவின் பக்கத்தில் நிற்கவே முடியாத அளவு. ஆனால் அந்தச் செய்தியில் தமிழ்ப்பள்ளிக்கு மானியம் வந்ததா, உதவித்தொகைக்கு எப்போது மனு செய்வது, எந்த ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்பதெல்லாம் இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு நம் வாழ்க்கையைச் சுமக்கும் வேறொரு தமிழ் நிகழ்ச்சி சந்தாவின் அத்தனை சேனல்களிலும் அரிது. இன்னொன்று: பணம் கட்டாவிட்டால் யாரும் அதை வெட்ட முடியாது. மாதக் கடைசியில் கையில் காசில்லாத வீட்டிலும், மகன் மறந்துபோன தாயின் வீட்டிலும் அது எரியும். 2021 பிப்ரவரியில் கல்வி அமைச்சு டிடிக் டிவியை இலவச அலைவரிசையில் தொடங்கியதும் இந்தக் காரணத்துக்காகத்தான். இணையம் இல்லாத பிள்ளையையும் பாடம் எட்ட வேண்டும் என்பதே நோக்கம்.

இரண்டுக்கும் நடுவே என்ஜோய் இருக்கிறது. 2012 பிப்ரவரியில் ஆஸ்ட்ரோவும் அரசும் சேர்ந்து கொண்டுவந்தது. டிகோடரையும் தட்டையும் ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் சந்தா இல்லை. வானவில் அதில் உண்டு. கூடுதல் சேனல் வேண்டுமென்றால் ப்ரீபெய்டாக, வேண்டிய நாளுக்கு மட்டும் கட்டலாம். பழைய தட்டு ஏற்கெனவே கூரையில் இருக்கும் வீட்டுக்கு, ஓர் ஏரியலோடு இதைச் சேர்த்துக்கொள்வதைவிடச் சிக்கனமான சட்டபூர்வ வழி எனக்குத் தெரியவில்லை. மழையில் தட்டு படுத்தாலும் ஏரியல் நிற்கும்.

'சட்டபூர்வ' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. சந்தைக் கடைகளில் விற்கும் ஆண்ட்ராய்டு பெட்டிகளில் எல்லாத் தமிழ்ச் சேனல்களையும் ஏற்றிக் கொடுக்கிறார்கள், ஒருமுறை பணம், பிறகு இலவசம் என்கிறார்கள். 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, திருட்டு ஒளிபரப்புக்கான கருவியைத் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சட்டத்தைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. உள்ளூர்த் தொடர் எடுப்பவருக்கு அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சென்கூடப் போகாது.

எல்லையைத் தாண்டி ஒரு பார்வை பார்த்தால் நம் நிலைமை இன்னும் தெளிவாகும். சிங்கப்பூரில் 2008 அக்டோபரில் வசந்தம் தனி அலைவரிசையாக மாறியது. முன்பு இன்னோர் அலைவரிசையில் நேரம் பங்கிட்டுக்கொண்டிருந்த தமிழுக்குத் தனி வீடு கிடைத்தது, அதுவும் ஏரியல் வைத்தாலே வரும் இலவச அலைவரிசையாக. தமிழ்ச் செய்தி, உள்ளூர் நாடகம், சிறுவர் நிகழ்ச்சி எல்லாம் அங்கே நாள்தோறும் வருகின்றன. பொதுப்பணம் அதற்குத் துணை நிற்கிறது. ஜொகூர் பாருவில் ஏரியலைத் தெற்கே திருப்பி வசந்தம் பார்க்கும் மலேசியத் தமிழ் வீடுகள் உண்டு. சிங்கப்பூரின் இந்தியர் தொகை நான்கு லட்சத்தை ஒட்டியது. மலேசிய இந்தியர்கள் ஏறத்தாழ இருபது லட்சம். ஐந்து மடங்கு பெரிய சமூகத்துக்கு இங்கே தரைவழியில் முழுநேர இலவசத் தமிழ் அலைவரிசை இல்லை. டிஜிட்டலுக்கு மாறினால் ஒரே அலைக்கற்றையில் பல சேனல்கள் வைக்கலாம் என்பதுதான் 2019 மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட பெரிய நன்மை. அந்த இடத்தில் செய்திக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம் புதிய அலைவரிசைகளைத் தொடங்கியது. தமிழுக்கும் ஒன்று தொடங்கத் தொழில்நுட்பம் தடையாக இல்லை.

இதனால்தான் ஒப்பீட்டை 'ஆஸ்ட்ரோ நல்லதா, கெட்டதா' என்று நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பொது ஒளிபரப்பு விட்ட இடைவெளியில் ஒரு வணிக நிறுவனம் வந்து நின்றது. அந்த இடைவெளியின் விலையை ஒவ்வொரு தமிழ் வீடும் முப்பது ஆண்டுகளாகத் தனித்தனியே கட்டிவருகிறது. பந்து பார்க்கச் சந்தா கட்டுபவர் ஒரு விருப்பத்துக்குக் கட்டுகிறார். தாய்மொழியில் கதை கேட்கக் கட்டுபவர், பக்கத்து வீட்டுக்காரருக்கு வரிப்பணத்தில் கிடைப்பதைத் தன் பையிலிருந்து வாங்கிக்கொள்கிறார். அவரும் வரி கட்டுபவர்தான்.

வீட்டளவில் என் தீர்ப்பு இது. வீட்டில் நாள் முழுக்க இருக்கும் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர், உள்ளூர்த் தொடர்களை விடாமல் பார்க்கும் பிள்ளைகள், பந்தையும் பூப்பந்தையும் விட முடியாத ஓர் அண்ணன் என்று எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் 100 ரிங்கிட் தகும். அதிலும் எச்.டி. என்று பார்க்காத ஒட்டுகளை வெட்டிவிட வேண்டும், ஒப்பந்தக் காலம் முடிகிற தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். இருவர் மட்டும் இருக்கும் வீடு, வேலைக்குப் போய் இரவில் திரும்பும் வீடு, தனியாக இருக்கும் ஓய்வூதியக்காரர் வீடு ஆகியவற்றுக்கு ஏரியலும் என்ஜோயும் போதும். சந்தாவை நிறுத்தும் முன் பிள்ளைகள் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்பது முக்கியம். நமக்குப் பின்னணிச் சத்தமாக இருப்பது அவர்களுக்கு நாளின் கால அட்டவணையாக இருக்கலாம்.

ஒரு கவலை எனக்கு மிச்சமிருக்கிறது. சந்தாக்கள் குறையக் குறைய உள்ளூர்த் தமிழ்த் தொடருக்குப் போகும் பணமும் குறையும். அந்த வேலையை அப்போது ஏற்க வேண்டியது அங்காசபுரி. ஆர்டிஎம் ஏற்கெனவே தனியார் தயாரிப்பாளர்களிடமிருந்து தமிழ் நாடகங்கள் வாங்குகிறது, ஆகவே வழி புதிதாகப் போட வேண்டியதில்லை. வாங்கும் எண்ணிக்கையையும் கொடுக்கும் விலையையும் உயர்த்தினால் போதும். ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் நம் வாக்குக் கேட்டு ஸ்ரீ மூடாவுக்கும் பாடாங் ஜாவாவுக்கும் வரும் வேட்பாளர்களிடம் சாக்கடை, சாலை, பள்ளிக்கூடம் பற்றிக் கேட்கிறோம். தரைவழியில் ஒரு தமிழ் அலைவரிசை எப்போது வரும் என்று அடுத்த முறை கேட்பேன். அதுவரை, சந்தாவில் மிச்சம் பிடிக்கும் வீடுகள் நம் ஊர்த் தமிழ்ப் படம் ஒன்று கிள்ளான் தியேட்டரில் ஓடும் வாரத்தில் குடும்பத்தோடு டிக்கெட் எடுக்கட்டும். 2015இல் 'ஜகாட்' வந்தபோது அப்படி டிக்கெட் எடுத்தவர்கள் இருந்ததால்தான் அந்தப் படம் வாய்வழிப் பேச்சிலேயே பரவியது, மறு ஆண்டு சிறந்த மலேசியத் திரைப்பட விருதையும் வாங்கியது.